லுக்ரேசியா போர்ஜியா யாருக்கு விஷம் வைத்தாள்?

காட்ஃபாதர் எழுதிய மரியோ பூஸோவின் கடைசி நாவலில் நியூயார்க்கும் இல்லை, சிசிலியும் இல்லை. ‘தி ஃபேமிலி’ என்று பெயர். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ரோமில் போப்பாக இருந்த ஆறாம் அலெக்சாண்டர், அதாவது ரோட்ரிகோ போர்ஜியாவும் அவர் பெற்ற பிள்ளைகளும்தான் கதை. ஆமாம், போப் பெற்ற பிள்ளைகள். பூஸோவைப் பொறுத்தவரை உலகத்தின் முதல் மாஃபியா குடும்பம் இவர்கள்தான். பல வருஷமாக எழுதுவதும் கிடப்பில் போடுவதுமாக வைத்திருந்த நாவல் இது. 1999-இல் அவர் இறந்தபோது முடிந்திருக்கவில்லை. துணைவி கேரல் ஜீனோ முடித்துக் கொடுத்து 2001-இல் வெளிவந்தது.

பூஸோவில் ஆரம்பித்து, போர்ஜியா குடும்பத்தைப் பற்றிய நாவல்கள், டிவி தொடர்கள் என்று கிடைத்ததையெல்லாம் படித்தும் பார்த்தும் முடித்தேன். அசாசின்ஸ் க்ரீட் விளையாட்டில்கூட இவர்கள்தான் வில்லன்கள். சிஸ்டைன் சேப்பலில் வைத்து நீங்கள் ரோட்ரிகோவோடு சண்டை போட வேண்டும். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப நாலைந்து காட்சிகள் வருகின்றன. அண்ணன் தம்பியைக் கொல்கிறான். தங்கையோடு தகாத உறவு. மோதிரத்துக்குள் விஷம்.

அலுவலகத்தில் கோடு பார்க்கும்போது விசித்திரமான ஒரு வரி கண்ணில் பட்டால், முதலில் நாங்கள் செய்வது ‘கிட் பிளேம்’. இந்த வரியை எழுதியது யார், எந்தத் தேதியில், அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று பார்ப்பது. போர்ஜியா கதைகளின் காட்சிகளுக்கும் அதையே செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. இந்தப் பதிவு அந்த வேலையின் குறிப்புகள்தான். பெரும்பாலும் லுக்ரேசியாவைப் பற்றியது.

தெரியாதவர்களுக்காகச் சின்ன அறிமுகம். போர்ஜியாக்கள் இத்தாலியர்கள் இல்லை. ஸ்பெயினில் வலென்சியா பக்கம் ஷாதிவா என்ற ஊர்க்காரர்கள். சொந்தப் பெயர் போர்ஹா. அந்தக் குடும்பத்திலிருந்து 1455-இல் ஒருவர் மூன்றாம் கலிக்ஸ்டஸ் என்ற பெயரில் போப் ஆனார். அடுத்த வருஷமே மருமகன் ரோட்ரிகோவை கர்தினால் ஆக்கினார். ரோட்ரிகோவுக்கு அப்போது வயது 25. அதற்கடுத்த வருஷம் துணைச் சான்சலர் பதவி. போப்பரசின் மொத்த நிர்வாகக் காகிதமும் அந்த மேஜையைத் தாண்டித்தான் போகும். ஐந்து போப்களுக்குக் கீழே 35 வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் திறமைசாலி, அதில் சந்தேகமே வேண்டாம். 1492 ஆகஸ்ட் 11-இல் தானே போப் ஆனார். கொலம்பஸ் கப்பல் ஏறி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மறு வருஷம் புதிய நிலங்களை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்த ஆணைகள் இவருடையவைதான். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது ரோமில் ஆட்சி இவருடையதுதான்.

வனோஸ்ஸா கத்தானேய் என்ற பெண்ணிடம் இவருக்குப் பிறந்த நான்கு பேர் சேசரே, ஹுவான், லுக்ரேசியா, ஜோஃப்ரே. ரோம் நகரத்துப் பழைய பிரபுக் குடும்பங்களுக்கு இவர்கள் எல்லாரும் ‘அந்தக் கத்தலான்காரர்கள்’. வெளியூரிலிருந்து வந்து நம்ம பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டவர்கள் என்ற எரிச்சல். பின்னால் வரும் எல்லா வதந்தியையும் படிக்கும்போது இந்த எரிச்சல் எங்கே இருக்கிறது என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹுவான் கொலை. நாவலாசிரியர்கள் எல்லாருக்கும் பிடித்த காட்சி. அசல் ஆவணமோ எந்த நாவலையும்விட நன்றாக இருக்கிறது. வத்திக்கானில் ஜொஹான் புர்ஷார்ட் என்று ஒரு சடங்கு அதிகாரி இருந்தார். எந்தக் கர்தினால் எங்கே நிற்கணும், எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றணும் என்று பார்ப்பது அவர் வேலை. தினமும் நாட்குறிப்பு எழுதுவார். அபிப்பிராயம் கிடையாது, ஆச்சரியக்குறி கிடையாது. எங்க பாஷையில் சொன்னால் அது ஒரு லாக் ஃபைல். பிரளயம் வந்தாலும் நேரத்தைப் போட்டு ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

1497 ஜூன் 14 ராத்திரி. வனோஸ்ஸாவின் திராட்சைத் தோட்டத்தில் குடும்ப விருந்து. முடிந்து சேசரேயும் ஹுவானும் கோவேறு கழுதைகளில் திரும்பி வருகிறார்கள். நடுவழியில் ஹுவான் எனக்கு வேற ஒரு வேலை இருக்கு என்று பிரிந்து போகிறான். அவன் பின்னால் முகமூடி போட்ட ஒரு ஆள். அதன் பிறகு அவனை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. அப்பா தேடச் சொல்கிறார். டைபர் நதிக்கரையில் ஒரு மர வியாபாரி. இறக்கி வைத்த மரத்துக்குக் காவலாகப் படகில் படுத்திருந்தவன். அவனை விசாரிக்கிறார்கள். அவன் சொன்னது: ரெண்டு பேர் வந்து தெருவை நோட்டம் பார்த்தார்கள், போனார்கள். இன்னும் ரெண்டு பேர் வந்து பார்த்தார்கள். அப்புறம் வெள்ளைக் குதிரையில் ஒருவன் வந்தான். அவனுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பிணம், தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கையையும் காலையும் பிடித்து ஆற்றில் வீசினார்கள். குதிரையில் இருந்தவன் முங்கிருச்சா என்று கேட்டான். மேலங்கி மட்டும் மிதந்தது. கல்லெறிந்து அதையும் முக்கினார்கள்.

ஏன் உடனே வந்து சொல்லலை என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இதே இடத்தில் நூறு பிணமாவது போடுவதைப் பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் வந்து கேட்டதில்லை, அதனால் இதையும் பெரிசா நினைக்கலை.

மீனவர்களை விட்டுத் தேடினார்கள். ஹுவான் கிடைத்தான். உடம்பில் ஒன்பது வெட்டு, இடுப்புப் பையில் முப்பது டுகாட் அப்படியே இருந்தது. திருட்டு இல்லை. போப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை சாப்பிடவில்லை. ‘என் மகன் திரும்ப வருவானென்றால் ஏழு போப் பதவிகளைக் கொடுத்துவிடுவேன்’ என்ற மாதிரி கர்தினால்கள் முன்னால் சொன்னார். திருச்சபையைச் சீர்திருத்த ஒரு குழுகூடப் போட்டார். சில வாரத்தில் விசாரணையும் நின்றது, பிறகு சீர்திருத்தமும் நின்றது.

யார் கொன்றது? ஊரில் முதலில் அடிபட்ட பெயர்கள் அஸ்கானியோ ஸ்ஃபோர்சா, ஓர்சினி குடும்பம், லுக்ரேசியாவின் கணவன் ஜொவான்னி ஸ்ஃபோர்சா. சேசரேயின் பெயர் முதன்முதலில் எழுத்தில் தெரிவது ஏறக்குறைய எட்டு மாதம் கழித்து, 1498 பிப்ரவரியில். அதுவும் வெனிஸில் இருந்த ஃபெராரா தூதர் கேள்விப்பட்டதாக எழுதிய கடிதத்தில். அதற்கப்புறம் 1498 ஆகஸ்டில் சேசரே கர்தினால் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் தம்பி இருந்த இடத்துக்குப் படைத்தலைவனாக வந்தானா, கேஸ் முடிந்தது, லாபம் யாருக்கோ அவன்தான் கொலைகாரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவன் செய்திருக்கவே மாட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எல்லா நாவலிலும் தொடரிலும் அவன்தான் செய்தான். கிட் பிளேம் போட்டால் வருவது ஒரு தூதரின் காதில் விழுந்த ஒரு வரி.

(இங்கே ஒரு கிளைக்கதை. இந்த ஹுவானின் பேரன் ஃபிரான்சிஸ்கோ போர்ஜியா. மனைவி இறந்த பிறகு பதவியைத் துறந்து சேசு சபையில் சேர்ந்து, 1565 முதல் 1572 வரை அதன் உலகத் தலைவராக இருந்து, பின்னாளில் புனிதராகவும் ஆனவர். அந்த வருஷங்களில் நம் முத்துக்குளித்துறையில், புன்னைக்காயலில், தமிழ் இலக்கணம் எழுதிக்கொண்டும் பரதவர்களுக்கு வேதம் சொல்லிக்கொண்டும் இருந்த ஹென்றிக் ஹென்றிக்ஸ் பாதிரியாருக்கு ரோமில் இருந்த தலைவர் இவர்தான். ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டாரே, அதே ஹென்றிக்ஸ்.)

சரி, லுக்ரேசியாவுக்கு வருவோம். பிறந்தது 1480 ஏப்ரல். 13 வயதில் பெசாரோ பிரபு ஜொவான்னி ஸ்ஃபோர்சாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது போப்புக்கு மிலானின் ஸ்ஃபோர்சா குடும்பம் தேவைப்பட்டது. நாலு வருஷத்தில் தேவை தீர்ந்துவிட்டது. கல்யாணத்தை ரத்து பண்ணணும். கத்தோலிக்கச் சட்டத்தில் விவாகரத்து கிடையாது. தாம்பத்தியமே நடக்கவில்லை, மாப்பிள்ளைக்கு ஆண்மையில்லை என்று நிரூபித்தால் உண்டு. இதில் வேடிக்கை, ஜொவான்னியின் முதல் மனைவி இறந்தது பிரசவத்தில். ஊருக்கே தெரியும். ஆனாலும் அவன் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்று நெருக்கினார்கள். வேண்டுமானால் சாட்சிகள் முன்னால் நிரூபித்துக் காட்டு என்கிற அளவுக்குப் பேச்சு போனது. 1497 டிசம்பரில் கல்யாணம் ரத்து.

அந்த அவமானத்தின் நடுவில், மிலானில் தன் சொந்தக்காரர் லுடொவிகோவிடம் ஜொவான்னி ஒரு வார்த்தை சொன்னான்: போப் தன் மகளை என்னிடமிருந்து பிரிப்பது தனக்கு வைத்துக்கொள்ளத்தான். அதை ஃபெராரா தூதர் கேட்டு ஊருக்கு எழுதினார். நான் தேடிப் போன ‘தகாத உறவு’ என்ற வரியின் முதல் கமிட் இதுதான். எழுதியவர், ஆண்மையில்லாதவன் என்று ஊரறிய முத்திரை குத்தப்படவிருந்த ஒரு முன்னாள் கணவன்.

அங்கிருந்து அது நேப்பிள்ஸ் கவிஞர்களிடம் போனது. பொன்தானோவும் சன்னாஸாரோவும் லத்தீனில் எள்ளல் கவிதைகள் எழுதினார்கள்; அவர்கள் விசுவாசமாக இருந்த அரச வம்சத்தைக் காலி பண்ணத் துணைபோனவர் போப் அலெக்சாண்டர். பிறகு குவிச்சார்தினி தன் இத்தாலி வரலாற்றில் வதந்தி என்று சொல்லிச் சேர்த்தார். நூற்றாண்டுகள் போகப் போக ‘வதந்தி’ என்ற சொல் மட்டும் உதிர்ந்துவிட்டது. வாட்ஸாப் ஃபார்வர்டில் ‘யாரோ சொன்னாங்க’ உதிர்ந்து போகுமே, அதே மாதிரி.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1498 வாக்கில் பிறந்த ஒரு ஆண்குழந்தைக்கு, 1501 செப்டம்பர் 1-ஆம் தேதி போப் இரண்டு ஆணைகள் போட்டார். ஒன்றில் குழந்தை சேசரேயின் மகன். இன்னொன்றில், ரகசியமாக, தன்னுடைய மகன். சொத்துரிமைக்காகப் போட்ட காகிதம் என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். ஆனால் எரிகிற வதந்தியில் தானே எண்ணெய் ஊற்றினார் என்றுதான் சொல்லணும். புர்ஷார்ட் எழுதிவைத்த 1501 அக்டோபர் விருந்தும் இருக்கிறது. ஐம்பது விலைமகளிர், தரையில் இறைத்த செஸ்ட்நட் கொட்டைகள். அதைத் தொடர்களில் விலாவாரியாகவே காட்டுகிறார்கள், நான் எழுத வேண்டாம். லாக் ஃபைல் என்று நான் புகழ்ந்த அந்த நாட்குறிப்பில் அவர் கைப்பட எழுதியதாக மிஞ்சியிருப்பது கடைசிச் சில வருஷங்கள்தான், மீதி எல்லாம் பிறர் எடுத்த பிரதிகள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இப்போது விஷம்.

லுக்ரேசியாவின் இரண்டாவது கணவன் அல்ஃபோன்ஸோ. நேப்பிள்ஸ் அரச குடும்பத்துப் பையன். 1498-இல் கல்யாணம். அரசியல் கல்யாணம்தான், ஆனால் இந்த ஜோடிக்கு ஒருவரையொருவர் பிடித்துப்போனது என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மறு வருஷம் ஒரு மகன் பிறந்தான். அதற்குள் போப்பும் சேசரேயும் ஃபிரான்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஃபிரான்ஸுக்கு நேப்பிள்ஸ் வேண்டும். மாப்பிள்ளை மறுபடியும் தேவையில்லாதவன் ஆகிவிட்டான்.

1500 ஜூலை 15 ராத்திரி, புனித பேதுரு ஆலயப் படிக்கட்டில் அல்ஃபோன்ஸோவை வெட்டினார்கள். தலை, தோள், தொடை. சாகவில்லை. வத்திக்கானுக்குள் போர்ஜியாக்களின் அறைகளிலேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி மனைவி லுக்ரேசியா. இன்னொருத்தி அல்ஃபோன்ஸோவின் அக்கா சான்சியா, அவள் கடைசித் தம்பி ஜோஃப்ரேயின் மனைவியும்கூட. வெனிஸ் தூதர் பவுலோ கபெல்லோவின் அறிக்கையில் இந்த ஒரு மாதத்தைப் பற்றி ஒரு விவரம் இருக்கிறது. அந்த இரண்டு பெண்களும் அவனுக்கு வேண்டிய சாப்பாட்டைத் தங்கள் கையாலேயே சமைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு வாய் உள்ளே விடவில்லை. காரணம், விஷம் வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நான் பார்த்தவரை, அவள் காலத்து ஆவணங்களில் லுக்ரேசியாவும் விஷமும் ஒரே இடத்தில் வருவது இங்கேதான். இருபது வயதுப் பெண், போப்பின் மகள், அடுப்பு மூட்டிப் பழக்கமே இருந்திருக்காது. தன் அண்ணன் விஷம் வைத்துவிடுவானோ என்று பயந்து கணவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அது காப்பாற்றவில்லை. ‘மதியம் முடியாதது ராத்திரி முடியும்’ என்று சேசரே சொன்னதாக அதே தூதர் எழுதுகிறார். ஆகஸ்ட் 18-இல் சேசரேயின் அடியாள் மிகெலெத்தோ ஆட்களோடு அறைக்குள் வந்தான். பெண்கள் இருவரும் போப்பிடம் முறையிட ஓடினார்கள். திரும்பி வருவதற்குள் கழுத்தை நெரித்து முடித்துவிட்டார்கள். அழுதுகொண்டே இருந்த மகளைத் தூர இருக்கட்டும் என்று நேப்பி கோட்டைக்கு அனுப்பினார் அப்பா. அங்கிருந்து எழுதிய கடிதத்தில் அவள் தன் பட்டத்தைப் போடாமல் ‘மிகவும் துர்ப்பாக்கியசாலி’ என்று கையெழுத்துப் போட்டாள்.

இனி இந்தக் காட்சிக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

டான்டே கேப்ரியல் ரோசெட்டி 1860 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லுக்ரேசியா கை கழுவிக்கொண்டிருக்கிறாள். அல்ஃபோன்ஸோவுக்கு விஷம் கொடுத்து முடித்த கை. பின்னாலிருக்கும் கண்ணாடியில், விஷம் உடம்பில் நன்றாக ஏறட்டும் என்று போப் மருமகனை நடக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போகிறார். அதற்கப்புறம் 2011-இலிருந்து 2013 வரை ஓடிய நீல் ஜோர்டானின் ‘தி போர்ஜியாஸ்’ தொடர். ஜெரமி அயர்ன்ஸ் போப்பாக அசத்தியிருப்பார், அது வேற. அதன் கடைசி அத்தியாயத்தில், சேசரேயின் கத்திக்குத்தில் துடிக்கும் அல்ஃபோன்ஸோவுக்கு, வேதனை சீக்கிரம் முடியட்டும் என்று விஷம் புகட்டுவது யார்? லுக்ரேசியாவேதான். விஷம் வராமல் காவல் காத்தவள் கையிலேயே விஷத்தைக் கொடுத்துவிட்டார்கள். தொடர் எழுதியவர்கள் கபெல்லோவின் அறிக்கையைப் படிக்காதவர்களாக இருக்க முடியாது. எல்லா வாழ்க்கை வரலாற்றிலும் இருக்கிற விஷயம். தெரிந்தே திருப்பிப் போட்டது.

ஏன்? அதற்கு விக்தோர் ஹ்யூகோவிடம் போகணும். அவருடைய ‘லுக்ரேஸ் போர்ஜியா’ நாடகம் 1833 பிப்ரவரி 2-இல் பாரிஸில் அரங்கேறியது. அதற்கு முந்தைய வருஷம் ‘லெ ருவா சாமூஸ்’ என்ற நாடகத்தை எழுதி ஒரே ஒரு காட்சியோடு தடை வாங்கியிருந்தார். (வெர்தியின் ரிகொலெத்தோ ஆபெரா அதிலிருந்து வந்ததுதான்.) அதில் உடலால் கோரமான ஒருவனைத் தந்தைப் பாசம் உயர்த்துகிறது. அதற்கு ஜோடியாக, மனதால் கோரமான ஒருத்தியைத் தாய்ப் பாசம் உயர்த்தும் நாடகம் வேண்டும். இதை முன்னுரையில் அவரே சொல்கிறார். ஆக, முதலில் தேவைப்பட்டது ஒரு ராட்சசி. பெயர் அப்புறம்தான். நாடகத்தில் லுக்ரேசியா ஃபெராராவில் ஒரு விருந்து வைத்துக் கூண்டோடு விஷம் வைக்கிறாள். தான் ரகசியமாகப் பெற்ற மகனும் அதில் மாட்டிக்கொள்கிறான். கடைசியில் அவன் கையால் குத்துப்பட்டு ‘நான் உன் தாய்’ என்று சொல்லிச் சாகிறாள். அரங்கம் அதிர்ந்தது. அதே வருஷம் டிசம்பர் 26-இல் தொனிஸெத்தியின் ஆபெரா மிலானில். சில வருஷத்தில் அலெக்சாந்தர் தூமா ‘புகழ்பெற்ற குற்றங்கள்’ வரிசையில் போர்ஜியாக்களைச் சேர்த்தார். ஐரோப்பா முழுக்க லுக்ரேசியா என்றால் விஷம் என்று ஆகிவிட்டது. அவள் இறந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு.

ஹ்யூகோவுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, அசல் லுக்ரேசியா மணமகளாக ஃபெராரா நகருக்குள் நுழைந்ததும் ஒரு பிப்ரவரி 2-ஆம் தேதிதான். 1502.

இத்தனையும் சொன்னதால் போர்ஜியாக்கள் நல்லவர்கள் என்று வெள்ளையடிக்கிறேன் என நினைக்க வேண்டாம். அப்படி எழுதுகிற ஒரு கூட்டமும் இருக்கிறது; அதுவும் புனைவுதான். 1502 டிசம்பர் 31 அன்று செனிகாலியாவில் சமாதானம் பேச வாங்க என்று கூப்பிட்டு, தனக்கு எதிராகச் சதி செய்த தளபதிகளைப் பிடித்தான் சேசரே. இருவர் அன்றிரவே நெரிக்கப்பட்டார்கள். ஃபிளாரன்ஸ் தூதராகக் கூடவே இருந்த மாக்கியவெல்லி அதை எழுதிவைத்திருக்கிறார். அல்ஃபோன்ஸோ கொலையிலும் சந்தேகம் இல்லை. ஆனால் இவையெல்லாம் கயிறும் கத்தியும். விஷக் கேஸ் என்று பார்த்தால், 1503 ஏப்ரலில் கர்தினால் மிகியேல் இறந்ததற்கு ஒரு வாக்குமூலம் இருக்கிறது, ஆனால் அது வாங்கப்பட்டது போர்ஜியாக்களின் பரம எதிரி இரண்டாம் ஜூலியஸ் போப்பான பிறகு. போப் அலெக்சாண்டரே விஷத்தால் செத்தார் என்ற கதையும் நிற்காது. ஆகஸ்ட் ஆரம்பத்தில் ஒரு கர்தினாலின் தோட்ட வீட்டில் விருந்து, 12-ஆம் தேதி காய்ச்சல், 18-ஆம் தேதி மரணம். சாப்பிட்டு ஒரு வாரம் காத்திருந்து வேலை செய்யும் விஷம் நாவலில்தான் கிடைக்கும். ஆகஸ்ட் மாத ரோமில் மலேரியா எல்லாத் தெருவிலும் கிடைக்கும்.

முதன்முதலில் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து இந்தப் பெண்ணை மறுபடி எழுதியவர் ஃபெர்தினாந்து கிரெகொரோவியுஸ் என்ற ஜெர்மானியர், 1874-இல். போர்ஜியாக்களை அவருக்கு ஆகாது. அதனாலேயே அவர் லுக்ரேசியா விஷயத்தில் குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லும்போது எடை கூடுகிறது. 1939-இல் மரியா பெல்லோஞ்சி இன்னும் நெருங்கிப் போனார். எனக்கு ஒரு நாவலை மட்டும் சிபாரிசு செய்யச் சொன்னால் சாரா டனன்ட் எழுதிய ‘பிளட் அண்ட் பியூட்டி’யைச் சொல்வேன். அவருக்கு ஆவணங்கள் தெரியும் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது, அதனால் கதை சுவாரசியம் குறையவும் இல்லை.

சுவாரசியம் என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்றாவது கல்யாணப் பேச்சு இருக்கிறதே, அதை ஏன் யாரும் முழு நாவலாக எழுதவில்லை என்று எனக்கு ஆச்சரியம். மாப்பிள்ளை வீடு ஃபெராராவின் எஸ்தே குடும்பம், பழைய கௌரவமான வம்சம். மாப்பிள்ளையின் அப்பா டியூக் எர்கோலேவுக்கு இந்தச் சம்பந்தம் கொஞ்சமும் இஷ்டமில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, சேசரேயின் படை பக்கத்தில் நிற்கிறது. அதனால் விலையை ஏற்றினார். இரண்டு லட்சம் டுகாட்டில் ஆரம்பித்து ஒரு லட்சம் ரொக்கத்துக்கு வந்தார். மேலே இரண்டு ஊர்கள். போப்புக்கு ஃபெராரா கட்டவேண்டிய வருடாந்திரக் கப்பம் 4,000 டுகாட்டிலிருந்து 100 ஆகக் குறைப்பு. பெண் வீட்டுப் பணத்தை ஒவ்வொரு காசாக எண்ணி வாங்கினார்கள்.

கூடவே ஒரு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனும் நடந்தது. ரோமிலிருந்த எர்கோலேவின் தூதர் 1501 டிசம்பரில் எழுதிய ரகசியக் கடிதம் இருக்கிறது. பெண்ணைப் பலமுறை பார்த்துப் பேசினேன், அடக்கமும் பக்தியும் உள்ளவள், அவளிடம் தவறாகச் சந்தேகப்பட எதுவும் இல்லை என்கிறார். செஸ்ட்நட் விருந்து நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அந்த விருந்துக் குறிப்பு உண்மையென்றால், இவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். இது முகஸ்துதிக் கடிதம் இல்லை. குறை கண்டுபிடிப்பதற்காகவே அனுப்பப்பட்ட ஆள்.

நாத்தனார் இஸபெல்லா தெஸ்தே, மாந்துவாவின் அரசி, இன்னொரு ஆளை அனுப்பினாள். லுக்ரேசியா என்ன உடை போட்டாள், எத்தனை முத்து, எப்படி ஆடினாள் என்று அவன் நாளுக்கு நாள் எழுதி அனுப்பினான். இஸபெல்லாவுக்கு வந்தவளைப் பிடிக்கவே இல்லை. பின்னால் இஸபெல்லாவின் கணவருக்கும் லுக்ரேசியாவுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து அந்தப் பிரியமின்மையைக் குறைத்திருக்காது. கவிஞர் பியெத்ரோ பெம்போவுடனும் கடிதங்கள் உண்டு. அவளுடைய பொன்னிற முடிக் கற்றை ஒன்று மிலானின் அம்புரோசியானா நூலகத்தில் இன்னமும் இருக்கிறது. 1816-இல் அதைப் பார்க்கப் போன பைரன் ஒரு இழையை உருவிக்கொண்டு வந்துவிட்டார்.

1503-இல் அப்பா போனார். 1507-இல் சேசரே ஸ்பெயின் பக்கம் நவாரில் ஒரு சின்னச் சண்டையில் 31 வயதில் செத்தான். போர்ஜியா என்ற பெயருக்கு இருந்த பலமெல்லாம் போயே போச்சு. அப்போது ஃபெராராக்காரர்கள் அவளைத் தள்ளிவைத்திருக்கலாம், தகுந்த காரணம் கண்டுபிடிப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு சுலபம் என்று மேலே பார்த்தோம். செய்யவில்லை. 1505-இலிருந்து அவள் டியூக்கின் மனைவி. கணவன் போருக்குப் போகும்போது நிர்வாகம் அவள் கையில். மக்களின் மனுக்களைக் கேட்டு முடிவு சொன்னாள். சமீபத்தில் டயான் கிரார்தோ என்ற ஆய்வாளர் ஃபெராராவின் கணக்கு வழக்குகளைத் தோண்டி இன்னொரு லுக்ரேசியாவை வெளியே கொண்டுவந்தார். 1513-க்குப் பிறகு போ நதிப் படுகையில் யாருக்கும் வேண்டாத சதுப்பு நிலத்தை மலிவாக வாங்கி, கால்வாய் வெட்டி, தண்ணீர் வடித்து, விளைநிலமாக்கிக் குத்தகைக்கு விட்ட லுக்ரேசியா. சொந்த நகைகளை அடகு வைத்துப் பணம் புரட்டியிருக்கிறாள். வடிகால் போடுவதை ஆபெராவாக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஃபெராராவை ஹ்யூகோ விருந்துக்கும் விஷத்துக்கும் வைத்துக்கொண்டாரே, அதே ஊரில்தான் இது நடந்தது.

1519 ஜூனில் மறுபடி ஒரு பிரசவம், கஷ்டமான பிரசவம். 22-ஆம் தேதி போப் பத்தாம் லியோவுக்கு, பிழைக்க மாட்டேன் என்று தெரிகிறது, ஆசீர்வாதம் வேண்டும் என்று கேட்டு ஒரு கடிதம். 24-ஆம் தேதி இறந்தாள். வயது 39. அந்தத் துக்கத்தில் கணவன் தன் சகோதரியின் மகனுக்கு எழுதினான், கண்ணீர் இல்லாமல் இதை எழுத முடியவில்லை, இவ்வளவு இனிய துணையை இழந்துவிட்டேன் என்று. போனது மாந்துவாவுக்கு, இஸபெல்லாவின் வீட்டு முகவரிக்கு.